வியாழக்கிழமைக் கட்டைவிரல்

நான் பௌலிங் விளையாடப் போகிறேன் என்று முதலில் கேள்விப்பட்டபோது என் சித்தி, "இந்த வயசுல யாரு விக்கெட்டை எடுக்கப் போறே?" என்று கேட்டாள். கிரிக்கெட் இல்லை சித்தி, கனமான பந்தை வழவழப்பான பலகைத் தரையில் உருட்டி, அந்தக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் என்று விளக்கினேன். "பாத்திரம் உருளுற சத்தம் வீட்டுல பத்தலையாக்கும்" என்றாள். ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து, "நேத்து எத்தனை கட்டை விழுந்துச்சு?" என்று மறக்காமல் கேட்பாள். அக்கறை சில பேருக்குக் கேலியாகத்தான் வரும்.

நான் வேலை செய்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். இருபத்தொரு வருடமாக இஸ்திரி மெஷினில் நிற்கிறேன். மெஷின் என்றால் ஒரு கட்டிலைவிட நீளமான, சூடான உருளை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து உருளைக்குள் விட வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பாவது இருக்கும். ஒவ்வொன்றையும் உள்ளே விடும்போது, "இதுல படுக்கிறவங்க எழுந்து நடந்து வீட்டுக்குப் போகணும் சாமி" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். என் கணவர் கடைசியாகப் படுத்திருந்தது இந்த ஆஸ்பத்திரி விரிப்பில்தான். அதன் பிறகு வந்த பழக்கம்.

அவருக்கு ஒரே தங்கை. வயது ஐம்பதை நெருங்கினாலும் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் குட்டிதான். ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றிச் செல்லும் வேனை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தும் துணிமூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி வண்டிக்குள் எறிவாள். அந்தக் குட்டி என்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள்.

தப்பு என் பேரில்தான். கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குட்டி நெடுந்தூர லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். நாலு நாள் பயணத்தில் இருந்தாள். இப்போது சொன்னால் பதறிக்கொண்டு வண்டியை ஓட்டுவாள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போனில் இரண்டு தடவை பேசினாள். இரண்டு தடவையும், "அண்ணன் நல்லாத்தான் இருக்கார்" என்றேன். அவள் திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குட்டி லாரியை விட்டுவிட்டு எங்கள் வேனுக்கு வந்த பிறகும் பேச்சு இல்லை. எங்களைச் சேர்த்து வைத்தது இந்த ஆட்டம்தான். பக்கத்து வேலையிடங்களெல்லாம் சேர்ந்து வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எதிர்த் தெருவில் இருக்கும் பௌலிங் கூடத்தில் போட்டி நடத்துவார்கள். எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர், எல்லோருக்கும் பாய்லர் அண்ணன், சலவைப் பிரிவு சார்பில் மூன்று பேர் கொண்ட அணி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் குட்டி பேரையோ, அவளிடம் என் பேரையோ சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அணி என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. மூன்று வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாடினோம். நாலாவது வாரம், உருட்டிய பந்து சுற்றிக்கொண்டு திரும்பி வரும் மேடை அருகில் நான் ஏதோ யோசனையில் நின்றிருந்தேன். பின்னால் இருந்து குரல் கேட்டது.

"பந்து வந்துடுச்சு. எடுங்க அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த 'அண்ணி'க்காக அன்று வீட்டுக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு வெகுநேரம் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருடம் ஆகிறது. இந்த வருடம் என் பிறந்தநாளுக்குக் குட்டி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு பந்து. கூடத்தில் எல்லோரும் எடுத்து விளையாடும் பொதுப் பந்து இல்லை, எனக்கென்றே வாங்கியது. ஆழ்ந்த பச்சை நிறம்.

"அண்ணனோட அந்தப் பச்சைச் சட்டை கலர்ல இருந்துச்சு. பார்த்ததும் எடுத்துட்டேன். இன்னும் ஓட்டை போடலை. உங்க விரலுக்கு அளவெடுத்துப் போடணுமாம்" என்றாள்.

பந்தில் மூன்று துளை போடுவார்கள். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. பொதுப் பந்தில் கட்டைவிரல் துளை யாருக்கும் சேராது. எனக்கு எப்போதும் பெரிது. விழுந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தே விளையாடுவேன்.

பௌலிங் கூடத்தின் பின்பக்கத்தில், காலணி வைக்கும் அலமாரிகளைத் தாண்டி ஒரு சின்ன அறை. அங்கே துளை போடுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கும்போதே அதைத் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம், வாங்க என்று சொல்லியிருந்தார். பிரார்த்தனையை முடித்துவிட்டுப் போனேன்.

அவரிடம் ஒரு தகடு இருந்தது. சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். பதினாலாம் எண்ணில் விரல் சுவரைத் தொட்டபடி போய், தொட்டபடி வந்தது.

"சட்டைக் கையிலேருந்து கையை எடுக்கிற மாதிரி வரணும்மா. இழுத்தா வரக் கூடாது, தானா வரணும்" என்றார். பந்தைத் துளைத்து, கட்டைவிரல் துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழலைப் பொருத்தி, அதில் என் விரலின் அளவுக்குக் குடைந்தார். விரல் மாறினால் பந்தை மாற்ற வேண்டாம், குழலைக் கழற்றி வேறு போட்டால் போதும் என்றும் சொன்னார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, என் கையில் கொடுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது, வழுக்கிக்கொண்டு வந்தது. என் உடம்புக்கென்று அளவெடுத்து ஒன்று செய்து எத்தனை வருடம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை, முதல் பந்து. நாலு அடி நடந்து, கையைப் பின்னால் வீசி முன்னால் கொண்டுவந்தேன். இரண்டு விரல்கள் வெளியே வந்தன. கட்டைவிரல் வரவில்லை. பந்து என்னையும் சேர்த்து இழுத்தது. கோட்டைத் தாண்டி முழங்கால் போட்டு விழுந்தேன். அப்புறம்தான் பந்து 'பொப்' என்ற சத்தத்தோடு கழன்று, ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து ஓடியது. விரல் மூட்டில் தோல் உரிந்திருந்தது.

"என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்லே. புதுசு இல்லையா, பழகணும்" என்றேன். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பந்தைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். விரலை விடச் சொன்னார். சனியும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. காயமும் வீக்கமும் வற்றியிருந்தன. விரல் தானாகப் போய்த் தானாக வந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

"ஓட்டையில ஒரு குத்தமும் இல்லேம்மா. பயத்துல நீங்கதான் இறுக்கிப் பிடிக்கிறீங்க. கிளிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றார். ஆறுதலுக்காக விளிம்பை இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார்.

அடுத்த வியாழன், கிளிக்குஞ்சு என்று நினைத்துக்கொண்டே பிடித்தேன். கிளி விரலைக் கடித்துக்கொண்டது. மறுபடியும் 'பொப்'.

அதற்கடுத்த வாரம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சலவைக்காரிக்குத்தான் அப்படித் தோன்றும். டாக்டர்களின் மேலங்கி விறைப்பாக நிற்பதற்குக் கஞ்சி மாவு வைத்திருப்போம். அதில் ஒரு பிடி காகிதத்தில் மடித்துக்கொண்டு போய், விரலில் நன்றாகத் தடவிக்கொண்டேன். மாவு வழுக்கும் என்பது என் கணக்கு. வியர்த்த விரலில் மாவு கஞ்சியாகி, கஞ்சி பசையாகி, பந்து விரலை விடுவதாக இல்லை. எறிவதற்கு முன்பே தெரிந்துபோனதால் அப்படியே நின்றுவிட்டேன். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"என்ன தங்கச்சி, பந்து போட வந்தியா, பந்தைக் கையோட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வந்தியா?" என்றார் பாய்லர் அண்ணன். பக்கத்து லேனில் விளையாடிய தபால் அலுவலக அணிகூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அவர் பந்தைப் பிடித்துக்கொள்ள, நான் கையைத் திருகித் திருகி வெளியே எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குட்டி சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர்கிட்ட நான் போய்க் கேக்கவா அண்ணி?"

"சேச்சே, பந்து அருமையா இருக்கு. எனக்குத்தான் வரலை."

இந்த இடத்தில் என் மனசைத் திறந்து சொல்லிவிடுகிறேன். பந்து சரியில்லை என்று சொன்னால் குட்டி வருந்துவாள் என்று பயந்தேன். அண்ணன் சட்டையின் நிறம் பார்த்து வாங்கியது. அதை மூலையில் வைத்துவிட்டுப் பொதுப் பந்தை எடுத்தால், அவள் மறுபடியும் அந்த வாசலில் நின்ற மாதிரி நின்றுவிடுவாளோ என்று பயந்தேன். ஒரு கட்டைவிரல் போனால் போகட்டும், நாத்தனார் போகக் கூடாது.

ஆனால் விரலுக்கும் ஓர் எல்லை இருந்தது. நாலாவது வாரம் தொடவே முடியவில்லை. "தோள் வலிக்குது, இன்னைக்கு மட்டும் கனம் குறைஞ்ச பந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பொதுப் பந்தை எடுத்தேன். குட்டி சரி என்றாள். என் பந்து திரும்பி வந்ததும் 'எடுங்க அண்ணி' என்று எப்போதும் சொல்கிறவள், அன்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது பச்சைப் பந்தின் பையை அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "உங்களுக்குத்தான் தோள் வலிக்குதே" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பந்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்துப் போயிருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். விரிப்புகளுக்குச் சொல்லும் பிரார்த்தனைக்கு நடுவே, "அவளைத் திரும்பவும் என்கிட்டேருந்து பிரிச்சிடாதே சாமி" என்று எனக்காகவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை. மதியத்துக்குமேல் மூன்றரை மணி. தலையணை உறைகளை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். துணி ஏற்றி இறக்கும் மேடையில் வேன் பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. துணிமூட்டைகளுக்கு நடுவில், மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு, மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. தலையில் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"இறங்குங்க அண்ணே" என்றாள் குட்டி.

"முன்னால சீட்டு காலியாத்தானேம்மா இருந்துச்சு?"

"முன்சீட்டுல உங்களுக்கு மரியாதை குடுக்கிற மனநிலையில நான் இல்லை."

அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராக என் மெஷினுக்கு வந்தாள். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து என் முன்னால் விரித்தாள். வெள்ளைத் துணியின் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை.

"செவ்வாய்க்கிழமை அஞ்சாவது வார்டு சிஸ்டர் திருப்பிக் கொடுத்தாங்க. சுத்தமா மடிச்ச உறையில கறை இருக்குன்னு. யாரு கைன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? முனையை நீங்க பிடிக்கிற இடத்துலதான் இருக்கு."

நான் கையைப் பின்னால் மறைத்தேன். குழந்தைத்தனம்தான்.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றாள் குட்டி. குரல் ஏறவில்லை. "நான் கஷ்டப்படக் கூடாதுன்னு மறைச்சீங்க. என் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாம போச்சு. இப்ப ஒரு பந்துக்காக விரலை அறுத்துக்கிட்டு நல்லாயிருக்கு, நல்லாயிருக்குங்கறீங்க. நான் என்ன பூதமா அண்ணி? உண்மையைச் சொன்னா கடிச்சுத் தின்னுடுவேனா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் எட்டி அதை நிறுத்தினாள். அந்த அமைதியில், ஏழு வருடமாக உள்ளே நின்ற வார்த்தை தானாக வெளியே வந்தது.

"சொல்லியிருக்கணும் குட்டி. அன்னிக்கும் சொல்லியிருக்கணும், இன்னிக்கும் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சுடு."

அவள் என் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஊசி போட வந்த நர்ஸிடம் குழந்தையின் கையை நீட்டுவது போல மாஸ்டரிடம் நீட்டினாள். "அளங்க" என்றாள்.

மாஸ்டர் பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்தார். பதினாலாம் எண் துளையில் விரல் நகத்தைத் தாண்டவில்லை. பதினைந்தில் மூட்டில் நின்றது. பதினாறில்தான், உரிந்த இடத்தை உரசாமல், உள்ளே போனது. மாஸ்டர் விரலை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். அது சுடுகஞ்சிப் பாத்திரம் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

"காலையிலேருந்து எத்தனை துணிம்மா?"

"விரிப்பு அறுநூறுக்கு மேல இருக்கும். உறை எண்ணலை."

அவர் மெஷினைப் பார்த்தார். ஈர விரிப்பின் முனையை எடுத்துத் தன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்வி இழுத்துப் பார்த்தார். ஒன்றை இழுத்ததுமே விரலை உதறிக்கொண்டார்.

"எத்தனையோ பேருக்குத் துளை போட்டிருக்கேன். நீங்க என்னிக்கு, எத்தனை மணிக்கு விளையாடுவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. ஓய்வா இருக்கிற விரலுக்கு ஓட்டை போட்டுட்டு, வேலை பார்த்த விரலைக் குத்தம் சொன்னேன். உங்களைப் பயந்தவங்கன்னும் சொல்லிட்டேன். தப்பும்மா" என்றார்.

ஒரு மனிதர் தன் தொழிலில் நடந்த தப்பை, நாலு பேர் எதிரில், சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்வதைப் பார்ப்பது சாமி கும்பிடுவதற்குச் சமம் என்று எனக்குத் தோன்றியது.

"அவர் மேல என்ன தப்பு? வலிக்குதுன்னு நான் ஞாயித்துக்கிழமையில போய்ச் சொன்னா, அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன் குட்டியிடம்.

"ரெண்டு பேரும் அப்புறமா பங்கு பிரிச்சுக்குங்க" என்றாள். "மணி நாலாகப் போகுது. அண்ணே, வண்டியில ஏறுங்க. முன்சீட்டுலயே உக்காருங்க."

நான் ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, விரலில் மருந்து வைத்துக்கொண்டு எதிர்த் தெருவுக்குப் போனபோது, பின் அறையிலிருந்து துளைக்கும் சத்தம் கேட்டது. பச்சைப் பந்து மேஜைமேல் இருந்தது. குட்டி அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போகவில்லை. மாஸ்டரிடம் காட்டத்தான் எடுத்துப் போயிருக்கிறாள். நான் ஒரு வாரம் பட்டினி கிடந்தது வீண்.

மாஸ்டர் புதுக் குழலைப் பந்துக்குள் திருகிப் பொருத்தினார். விரலை விட்டேன். மூட்டு உரசவில்லை. எடுத்தேன். வந்தது. அவர் திருப்திப்படவில்லை. விளிம்பில் காயம் படும் பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வழித்தார். மறுபடி விடச் சொன்னார். ஏழு முறை விட்டு எடுத்தேன். கடைசி முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தமே இல்லை. போங்க" என்றார்.

வெளியே பாய்லர் அண்ணன், "இன்னிக்காவது பந்தை மட்டும் அனுப்பு தங்கச்சி. நீயும் கூடவே போயிடாதே" என்றார்.

நாலு அடி நடந்தேன். கை பின்னால் போனது, முன்னால் வந்தது. எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கை காலியாக இருந்தது, பச்சைப் பந்து லேனின் நடுவில் உருண்டுகொண்டிருந்தது. ஏழு கட்டைகள் விழுந்தன. மூன்று நின்றன. அந்த மூன்றையும் இரண்டாவது பந்தில் விழ வைக்க முடியவில்லை. நாங்கள் அன்று தபால் அலுவலகத்திடம் தோற்றோம். சித்திக்கு மறுநாள் அதைச் சொன்னபோது, "தோத்ததுக்கா இவ்வளவு சந்தோஷமாப் பேசுறே?" என்றாள்.

ஆட்டம் முடிந்து காலணி மாற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்தேன். பழைய குழல், பதினாலாம் எண்.

"தூக்கிப் போட மனசு வரலைம்மா. இதுவும் உங்க விரல்தானே. ஓய்வு நாள்ல சரியா இருக்கும்" என்றார்.

"நான் ஓய்வு நாள்ல விளையாடறதில்லையே மாஸ்டர்."

குட்டி குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை எத்தனை மணிக்கு முடியும் அண்ணி?"

"ஒன்பது."

"ஒன்பதே காலுக்கு வாசல்ல வண்டியோட நிப்பேன். விளையாடிட்டு, அப்படியே அண்ணனை அடக்கம் பண்ணின இடத்துக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாம். நான் இதுவரைக்கும் உங்ககூட அங்க வந்ததில்லை."

நான் பொட்டலத்தை மடித்து, பையின் உள்ளறையில் வைத்தேன். ஆண்டவன் ஒரு கறையைக்கூட வீணாக்குவதில்லை. அந்தத் தலையணை உறையை மறுநாள் நானே குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். கறை போய்விட்டது. உருளைக்குள் விடும்போது வழக்கமான பிரார்த்தனையைச் சொல்ல வாயெடுத்து, அதற்கு முன்னால் நன்றி என்று சொன்னேன்.